பெட்டியும் அம்பும்: தொடக்க நிரலாக்கப் பாடத்தில் தரவுக் கட்டமைப்புகளின் இடம் (1961–2019)

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகத்தின் முதல் நிரலாக்கப் பாடத்தில் மாணவர் தரவுக் கட்டமைப்புகளையும் படிமுறைகளையும் எப்போது, எந்த அளவுக்கு உள்ளிருந்து அறிய வேண்டும் என்ற வினாவுக்கு அரை நூற்றாண்டாக விடைகள் மாறிவந்துள்ளன. அம்மாற்றங்களைப் பாடத்திட்டப் பரிந்துரைகள், பாடநூல்கள், கற்றல் குறித்த ஆய்வுகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. மாற்றங்களைப் பெரிதும் தீர்மானித்தது கற்றல் பற்றிய தெளிவன்று. வகுப்பறைக்கு வாய்த்த நிரல்மொழியே என்பது கட்டுரையின் கருத்து. மொழி உயர உயர, முன்பு மாணவர் கையால் கட்டிய அமைப்புகள் மொழியின் கொடையாயின. அவற்றின் உட்புறம் கண்ணுக்கு மறைந்தது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியின் 2018–19 பாடநூல்கள் இவ்வரலாற்றில் பெறும் இடமும் இறுதியில் நோக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தரவுக் கட்டமைப்பு, படிமுறை, இணைப்புப் பட்டியல், தற்சுழற்சி, சுட்டு, பாடத்திட்ட வரலாறு, கலைச்சொல்.

முன்னுரை

முதலாண்டு மாணவர்களின் கணினி ஆய்வகத்தில் சில பருவங்கள் உதவியாளராக இருந்தபோது இக்கட்டுரையாளர் கண்ட ஒரு நிகழ்வே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல். இணைப்புப் பட்டியல் என்றால் என்ன என்ற வினாவுக்குத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றிருந்த ஒரு மாணவர், பைத்தான் மொழியில் ஒரு பட்டியலின் முன்புறத்தில் ஒவ்வொன்றாக ஓர் இலட்சம் எண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நிரல் மெதுவாக ஓடியது. ஏன் என்று கேட்டதற்கு, கணினி பழையது என்றார். முன்புறத்தில் ஓர் எண்ணை நுழைக்கும்போதெல்லாம் ஏற்கெனவே உள்ள எண்கள் அனைத்தும் ஓரிடம் பின்னுக்கு நகர வேண்டும். ஓர் இலட்சம் முறை செய்தால் ஏறத்தாழ 500 கோடி நகர்த்தல்கள். வரையறை அவருக்குத் தெரியும். அவர் எழுதிய ஒற்றை வரிக்குள் இவ்வளவு வேலை இருப்பது தெரியாது. இது அவர் குறையன்று. அவருக்குக் கிடைத்த பாடத்தின் வடிவம். அவ்வடிவம் எவ்வாறு உருவானது என்பதே இங்கு வினா.

தொடர்வதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஒரு சிக்கலைத் தீர்க்க முடிவுள்ள படிகளாக வகுக்கப்பட்ட முறையை இக்கட்டுரை ‘படிமுறை’ என்கிறது; தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இதனை ‘நெறிமுறை’ என்கின்றன. அறநெறி, நடத்தை விதி ஆகிய பொருள்களும் அச்சொல்லில் கலந்திருப்பதால் இங்கு அது தவிர்க்கப்பட்டுள்ளது. தரவுகளை நினைவகத்தில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை ‘தரவுக் கட்டமைப்பு’.

1968: தனிப்பாடமாகப் பிறத்தல்

ஏ.சி.எம். என்னும் அமெரிக்கக் கணினியியலாளர் சங்கம் 1968 மார்ச்சில் வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரை, இத்துறைக்கு ஒரு பட்டப்படிப்பின் முழு வடிவத்தைத் தந்த ஆவணம். அதில் பாடங்கள் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூவகைப்பட்டன. நிரலாக்க அறிமுகம் அடிப்படைப் பாடம். ‘தரவுக் கட்டமைப்புகள்’ இடைநிலையின் முதற்பாடம். அதற்கு வருமுன் மாணவர் கணினியின் அமைப்பையும் அசெம்பிளி மொழியையும், பிறிதொரு பாடத்தில் தனித்த கணித அமைப்புகளையும் கற்றிருக்க வேண்டும். அதாவது, நினைவகத்தின் முகவரிகளை எண்களாகக் கையாண்டு பழகிய பிறகே பட்டியலும் மரமும் வந்தன.

அதே 1968இல் டொனால்ட் நூத்தின் ‘கணினி நிரலாக்கக் கலை’ நூல்வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது. அதன் இரண்டாம் இயல் முழுவதும் தகவல் கட்டமைப்புகள் பற்றியது. தம் நிரல்களை நூத் உயர்நிலை மொழியில் எழுதவில்லை. ‘மிக்ஸ்’ என்ற கற்பனைக் கணினியை வகுத்து, அதன் அசெம்பிளி மொழியில் எழுதினார். மாணவர் ஒவ்வொரு படியின் விலையையும் எண்ண முடியவேண்டும் என்பது அவர் நோக்கம். இன்றைய வாசகர் இதனை வீண் கடுமை என்று கருதக்கூடும். அக்கால வகுப்பறையைக் கருதினால் அப்படித் தோன்றாது.

அக்கால வகுப்பறையில் பரவலாக வழங்கியது ஃபோர்ட்ரான். இந்தியாவிலும் அவ்வாறே: கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்தபின், அங்கு நிரலாக்கம் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வை. இராஜாராமன். மாணவர் நிரலைத் தாளில் எழுதி, துளையட்டைகளில் பொறித்து, கட்டாக ஒப்படைத்துவிட்டு அச்சுத்தாளுக்குக் காத்திருந்த காலம் அது. ஒரு பிழைக்கு ஒரு காத்திருப்பு. எனவே எந்திரத்திடம் கொடுக்கும் முன் தாளில் ஓட்டிப் பார்ப்பது ஒழுக்கமாகவே ஆகியிருந்தது.

அக்கால ஃபோர்ட்ரானில் சுட்டுகள் இல்லை. இணைப்புப் பட்டியலை அமைக்க வேண்டுமெனில் இரண்டு அணிகளை வைத்து அதனை மாணவரே போலச்செய்ய வேண்டும். ‘மதிப்பு’ என்ற அணியில் எண்கள். ‘அடுத்தது’ என்ற அணியில் பின்வரும் எண் உள்ள இடம். 12, 25, 40 என்ற ஏறுவரிசையைக் கொள்வோம். 12 மூன்றாம் இடத்திலும், 25 முதலிடத்திலும், 40 ஐந்தாம் இடத்திலும் உள்ளன. தொடக்கம் 3. அடுத்தது(3) = 1; அடுத்தது(1) = 5; அடுத்தது(5) = 0, அதாவது முடிவு. இப்போது 30ஐ நுழைக்க வேண்டும்; இரண்டாம் இடம் காலியாக உள்ளது. அங்கு 30ஐ எழுதிவிட்டு, முதலில் அடுத்தது(2) என்பதில் அடுத்தது(1)இன் மதிப்பாகிய 5ஐ இட வேண்டும். பிறகு அடுத்தது(1)ஐ 2 ஆக்க வேண்டும். எந்த எண்ணும் இடம் பெயரவில்லை. இரண்டு இணைப்புகள் மட்டும் மாறின.

இவ்விரண்டு படிகளையும் முன்பின் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? அடுத்தது(1) முதலில் 2 ஆகிவிடும். பின்பு அடுத்தது(2) = அடுத்தது(1) என்றால் அதுவும் 2. இரண்டாம் இடம் தன்னையே சுட்டும். 40 நினைவகத்தில் இருந்தும் அடைய வழியின்றிப் போகும். பட்டியலைப் படிக்கும் நிரல் 30, 30, 30 என்று முடிவின்றிச் சுழலும். இப்பிழையை ஒருமுறை செய்து, தாளில் பெட்டி வரைந்து, அம்புக்குறி இட்டுக் கண்டுபிடித்தவர் இணைப்புப் பட்டியலை மறப்பதில்லை. ஃபோர்ட்ரானின் வறுமையே இங்கு ஆசிரியராக இருந்தது. வறுமையைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனால் விளைந்த துன்பமும் அதிகம். ஆயினும் அதில் மறைவு இல்லை என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

பிரைட்டன், 1961: மொழி திறந்த கதவு

அதே ஃபோர்ட்ரானுக்கு மற்றொரு குறையும் இருந்தது. ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் தற்சுழற்சிக்கு அதில் இடமில்லை. இக்குறையின் அளவை உணர, சில ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, படிமுறையொன்றைக் கண்டவரே ஒரு பயிற்சி வகுப்பில் மாணவராக அமர்ந்த நிகழ்வைக் காண்பது பயன்தரும்.

டோனி ஹோர் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, உருசிய வாக்கியங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் முயற்சியில் ஈடுபட்டார். அகராதி காந்த நாடாவில் அகரவரிசையில் இருந்தது. வாக்கியத்தின் சொற்களையும் அவ்வாறே வரிசைப்படுத்திக்கொண்டால் நாடாவை ஒருமுறை ஓட்டினாலே போதும். இத்தேவையிலிருந்து பிறந்ததே ‘விரைவு வரிசையாக்கம்’. ஓர் எண்ணைத் தேர்ந்து, அதனினும் சிறியன ஒருபுறமும் பெரியன மறுபுறமும் பிரித்து, இரு பகுதிகளையும் அதே முறையில் வரிசைப்படுத்துவது அதன் கருத்து. கருத்து எளிது. ஆனால் ‘அதே முறையில்’ என்ற இரு சொற்களை நிரலாக எழுதுவது எளிதாக இல்லை. காத்திருக்கும் பகுதிகளைக் கணக்கில் வைத்துக்கொள்ள ஏற்பாடு வேண்டியிருந்தது. இங்கிலாந்து திரும்பி எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1961இல் பிரைட்டனில் நடந்த அல்கோல் 60 பயிற்சியில் அவர் கலந்துகொண்டார். பீட்டர் நார், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பீட்டர் லாண்டின் ஆகியோர் கற்பித்தனர். தற்சுழற்சி அங்குதான் அவருக்கு அறிமுகமாயிற்று. தம் படிமுறையை உலகுக்கு எளிதில் விளக்க இயலும் வடிவம் அதன்பின்னரே கிடைத்தது என்று 1980ஆம் ஆண்டின் டூரிங் விருதுரையில் அவரே நினைவுகூர்ந்துள்ளார்.

கண்டுபிடித்தவருக்கே ஒரு மொழி தேவைப்பட்டது என்றால், கற்பவருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கேட்கலாம். ஆனால் இந்நிகழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. அல்கோல் தனக்குள் ஓர் அடுக்கை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் பகுதிகளின் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டது. ஹோருக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை மொழி சுமந்தது. அறியாத மாணவருக்கோ, சுமையோடு சேர்த்துச் சுமக்கப்படும் பொருளும் கண்ணிலிருந்து மறைகிறது. இதனைக் காட்டிய ஆய்வுகள் பின்னர் வந்தன. அவற்றுள் முன்னோடியானது ஹாங்க் கானி 1983இல் வெளியிட்டது. தொடக்கநிலை மாணவர் பலர் தற்சுழற்சியை வெறும் மடக்கு எனவே கருதினர். ஒவ்வொரு அழைப்பும் தனக்கென ஒரு படியை உருவாக்கிக்கொள்கிறது என்ற கருத்து அவர்களிடம் இல்லை. எளிய எடுத்துக்காட்டுகளில் இரண்டும் ஒரே விடை தருவதால், தவறான கருத்து நெடுநாள் பிடிபடாமலே இருக்கக்கூடும்.

1976: இரண்டு நூல்கள்

நிக்லாஸ் விர்த் வடிவமைத்த பாஸ்கல் மொழி 1970இல் தோன்றியது. கற்பித்தலுக்கு உகந்த மொழி என்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. பதிவு, அணி, கணம், சுட்டு எனத் தரவின் வகைகளை மாணவரே வரையறுத்துக்கொள்ள அது இடமளித்தது. இரண்டு அணிகளைக் கொண்டு போலச்செய்த இணைப்புப் பட்டியலை இப்போது நேராகவே எழுதலாம். ஆனால் இணைப்புகளை மாற்றும் வரிசைமுறை மாணவர் கையிலேயே இருந்தது. முன்பின் மாறினால் பாஸ்கலிலும் 40 காணாமற்போகும்.

1976இல் விர்த் வெளியிட்ட நூலின் தலைப்பே ஒரு சமன்பாடு: ‘படிமுறைகள் + தரவுக் கட்டமைப்புகள் = நிரல்கள்’. இரண்டையும் பிரித்துக் கற்பிக்க இயலாது என்பதே அதன் உட்பொருள். எந்த வடிவில் தரவை வைக்கிறோமோ அதுவே படிமுறையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. படிமுறைக்கு எது வேண்டுமோ அதுவே தரவின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஹோர் 1972இல் எழுதிய தரவுக் கட்டமைத்தல் பற்றிய குறிப்புகளுக்கு விர்த் கடன்பட்டவர்.

அதே 1976இல் எல்லிஸ் ஹோரோவிட்ஸ், சர்தாஜ் சாஹ்னி ஆகியோரின் ‘தரவுக் கட்டமைப்புகளின் அடிப்படைகள்’ வெளிவந்தது. சாஹ்னி கான்பூர் கழகத்தில் பயின்றவர். இந்நூல் இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடநூலாக வழங்கியது. ஆசிரியர்கள் எந்த ஒரு மொழியையும் முதன்மையாகக் கொள்ளாமல், ‘ஸ்பார்க்ஸ்’ என்ற விளக்கமொழியைத் தாமே வகுத்து எழுதினர். எந்த நிரல்மொழியைக் கற்கும் கல்லூரியிலும் பயன்படலாம் என்பது அதன் வசதி. ஆனால் தாளில் எழுதிய படிமுறையை எந்திரத்தில் ஓட்டிப் பார்க்க மாணவர் அதனைத் தாமே வேறு மொழிக்கு மாற்றவேண்டும். மாற்றியவர் இருமுறை கற்றார். மாற்றாதவர் மனப்பாடம் செய்தார். நம் தேர்வுத்தாள்களில் படிமுறையை ‘எழுதுக’ என்ற வினா இன்றும் நிலைபெற்றிருப்பதற்கு இந்நூல்மரபும் ஒரு காரணமாகலாம் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம்.

எல்லைக்கோடு நகர்தல்

ஏ.சி.எம். 1979 மார்ச்சில் வெளியிட்ட ‘பாடத்திட்டம் 78’ பாடங்களுக்கு எண்களிட்டது. முதல் இரு பாடங்களும் நிரலாக்கம். தரவுக் கட்டமைப்புகளும் படிமுறைப் பகுப்பாய்வும் ஏழாம் பாடம். 1984இல் முதற்பாடமும் 1985இல் இரண்டாம் பாடமும் திருத்தியமைக்கப்பட்டன. அத்திருத்தத்தில் இரண்டாம் பாடத்தின் உள்ளடக்கம் பெரும்பாலும் அடுக்கு, வரிசை, பட்டியல், மரம் என்றாயிற்று. ஏழாம் இடத்தில் இருந்தவற்றுள் ஒரு பெரும்பகுதி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. 1968இல் அசெம்பிளி மொழிக்குப் பின் வந்த பொருள், 1985இல் ஒரே ஒரு பருவ நிரலாக்கத்துக்குப் பின் வந்தது. இடையில் மாறியது மாணவரின் அறிவுத்திறனன்று, பாஸ்கல் வந்திருந்தது.

இதற்கு முற்றிலும் வேறான வழியையும் அக்காலம் கண்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் ஆபெல்சனும் ஜெரால்ட் சஸ்மனும் ஸ்கீம் மொழியில் நடத்திய முதற்பாடமும், 1985இல் வெளிவந்த அதன் பாடநூலும் தரவை அருவமாகக் காணக் கற்பித்தன. ஒரு பின்னத்தை உருவாக்கும் செயற்கூறு ஒன்று, அதன் தொகுதியையும் பகுதியையும் எடுத்துத்தரும் செயற்கூறுகள் இரண்டு. இவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பது பயன்படுத்துவோருக்கு வேண்டாம். இங்கும் உட்புறம் மறைகிறது. ஆனால் மறைப்பவர் மாணவர். தாமே கட்டி, தாமே சுவர் எழுப்பி, சுவருக்கு அப்பால் நின்று பயன்படுத்துகிறார். மொழி மறைப்பதற்கும் மாணவர் மறைப்பதற்கும் உள்ள இவ்வேறுபாடு பாடத்திட்ட விவாதங்களில் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

1990களின் பிற்பகுதியில் சி++, ஜாவா ஆகியவை பாஸ்கலின் இடத்தைப் பிடித்தன. அமெரிக்கப் பள்ளி மாணவருக்கான உயர்நிலைத் தேர்வு 1984இல் பாஸ்கலில் தொடங்கி, 1999இல் சி++ ஆகி, பின்னர் ஜாவா ஆயிற்று. தரவுக் கட்டமைப்புகளை விரிவாகச் சோதித்த அத்தேர்வின் கடினப் பிரிவு 2009ஆம் ஆண்டுத் தேர்வோடு கைவிடப்பட்டது. 2000களின் இறுதியில் மாசசூசெட்ஸ் கழகத்தின் ஸ்கீம் பாடமும் நின்று, பைத்தான் வந்தது. பைத்தானில் பட்டியலும் அகராதியும் முதல் வாரத்திலேயே மாணவர் கைக்கு வந்துவிடுகின்றன. கட்ட வேண்டியதில்லை.

தெரிவதும் எழுதுவதும்

நூலகத்தில் ஆயத்தமாக இருப்பதை மாணவர் ஏன் மீண்டும் எழுதவேண்டும் என்ற வாதம் வலுவானது. அதனை எதிர்கொள்ள இருமத் தேடலின் வரலாறு உதவும். வரிசைப்படுத்திய அணியின் நடுவில் பார்த்து, தேவையற்ற பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவில் பார்க்கும் முறை அது. அகராதி புரட்டும் எவருக்கும் தெரிந்தது. இம்முறை 1946இலேயே விளக்கப்பட்டுவிட்டது. எல்லா அளவுகளுக்கும் பிழையின்றி இயங்கும் நிரல் அச்சில் வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பென்ட்லி, தொழில்முறை நிரலாளர் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் போதிய நேரம் தந்து இதனை எழுதச் சொன்னார். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரின் நிரலில் பிழை இருந்ததாக 1983இல் எழுதினார். கதை அங்கும் முடியவில்லை. பென்ட்லி சரியென மெய்ப்பித்துக் காட்டிய நிரலிலும், ஜாவா நூலகத்தின் நிரலிலும் ஒரே பிழை இருந்ததை ஜோஷுவா பிளாக் 2006இல் அறிவித்தார். ஜாவா நூலகத்தில் அதனை எழுதியவரும் அவரே. நடு இடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது வழக்கம். அணியில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் அக்கூட்டுத்தொகை எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தை மீறி எதிர்மறையாகிவிடும். கணிதத்தில் பிழையில்லை. எண்ணைத் தாங்கும் பெட்டியில்தான் பிழை. நூலகத்தை நம்புவோரும் பெட்டியை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலுவான சான்று இக்கட்டுரையாளருக்குக் கிடைக்கவில்லை.

மாணவர் நிலையோ இன்னும் கவலை தருவது. மைக்கேல் மெக்ராக்கனும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவரைச் சோதித்தது. பொதுமதிப்பீட்டில் சராசரி 110க்கு 22.89. இவ்வாய்வு பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. கொடுத்த பணி என்ன என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மாணவர் எழுதவேண்டியிருந்தது ஒரு கணிப்பான். அப்பணிகளுள் ஒன்றில், குறிகள் எண்களுக்குப் பின்னே வரும். ‘3 4 + 5 ×’ என்பதைப் படித்து, 3ஐயும் 4ஐயும் வைத்து, கூட்டல் வந்ததும் இரண்டையும் எடுத்து 7ஐ வைத்து, 5ஐ அதன்மேல் வைத்து, பெருக்கல் வந்ததும் 35 என விடை தரவேண்டும். இது அடுக்கின் இயல்பான பயன்பாடு. அடுக்கு என்ற கருத்து கைவசம் இருந்தால் பணி சில வரிகளில் முடியும். இல்லையெனில் எத்தனை மாறிகளை வைப்பது என்பதிலேயே மாணவர் திணறுவார். தரவின் வடிவம் கிடைக்காதவருக்குப் படிமுறையும் கிடைப்பதில்லை என்று விர்த்தின் சமன்பாட்டைக் கொண்டு இம்முடிவைப் படிக்க இடமுண்டு. ஆய்வுக்குழுவினர் இவ்வாறு விளக்கவில்லை. சிக்கலைப் பகுத்து நோக்கும் திறனின் குறைவையே அவர்கள் முன்னிறுத்தினர்.

மறைந்ததைப் படமாகக் காட்டல்

உட்புறம் மறையத் தொடங்கிய அதே காலத்தில் அதனைப் படமாகக் காட்டும் முயற்சிகளும் தோன்றியது தற்செயலன்று. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பேக்கர் 1981இல் அரைமணி நேரப் படமொன்றைத் தயாரித்தார். ஒன்பது வரிசையாக்க முறைகள் அதில் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இயங்கின. இறுதியில் ஒன்பதும் ஒரே திரையில் ஓட்டப்பந்தயம் ஓடின. விரைவு வரிசையாக்கம் முடிந்து நெடுநேரம் ஆகியும் குமிழி வரிசையாக்கம் ஊர்ந்துகொண்டிருப்பதைக் காண்பவர், சமன்பாடு எதுவும் இன்றியே வேகவேறுபாட்டை உணர்வர். பிரௌன் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரௌனும் ராபர்ட் செட்ஜ்விக்கும் 1984இல் அறிவித்த அமைப்பு, வகுப்பறைக் கணினிகளிலேயே மாணவர் இத்தகைய படங்களை இயக்க வழிசெய்தது.

இவை கற்றலுக்கு எவ்வளவு உதவின? 24 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஹண்டவுசன், சாரா டக்ளஸ், ஜான் ஸ்டாஸ்கோ ஆகியோர் 2002இல் அளித்த முடிவு எதிர்பாராதது. படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட, படத்தைக் கொண்டு மாணவர் என்ன செய்கிறார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. வெறுமனே பார்ப்பவருக்குப் பயன் குறைவு. அடுத்து என்ன நிகழும் என்று முன்கூட்டிச் சொல்பவருக்கும், தாமே உள்ளீடு தருபவருக்கும் பயன் மிகுதி. துளையட்டைக் கால மாணவர் காத்திருப்பின் கட்டாயத்தால் தாளில் செய்தது ஏறத்தாழ இதுவே. 2010இல் பிலிப் குவோ உருவாக்கிய ‘பைத்தான் டியூட்டர்’ கருவி, மாணவர் எழுதிய நிரலையே ஒவ்வொரு வரியாக ஓட்டி, பெயர்களையும் பொருள்களையும் பெட்டியாகவும் அம்பாகவும் வரைகிறது. எந்திரம் வரைந்து தரும் அம்பும் மாணவர் வரையும் அம்பும் ஒன்றல்ல என்பதை அதனைப் பயன்படுத்தும் ஆசிரியர் நினைவிற்கொள்வது நல்லது.

தமிழில் பயில்வோர்

தமிழ்நாட்டில் 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்த கணினி அறிவியல் பாடநூல்கள் இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்புடையவை. முன்னது விவரக்குறிப்பு, அருவமாக்கம், சுழற்சி, தற்சுழற்சி ஆகியவற்றைக் கற்பித்து சி++ மொழிக்குச் செல்கிறது. பின்னது செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, படிமுறை உத்திகள் ஆகிய நான்கையும் முதலில் வைத்து, பிறகு பைத்தானைத் தொடங்குகிறது. தரவு அருவமாக்க இயலில் உருவாக்கும் செயற்கூறு, எடுத்துத்தரும் செயற்கூறு என்ற பிரிவு வருகிறது. ஆபெல்சன்–சஸ்மன் மரபின் சாயலை அதில் தெளிவாகக் காணலாம். தேடல், வரிசையாக்கம், நேரச் சிக்கல் ஆகியவையும் உள்ளன. பள்ளி மாணவருக்கு இது துணிவான திட்டம். ஆனால் இணைப்புப் பட்டியலை மாணவரே கட்டும் இடம் அதில் இல்லை; பைத்தான் தரும் பட்டியலே பட்டியல். பெட்டியையும் அம்பையும் முதன்முறை காண்பது கல்லூரியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல வேளைகளில் சி மொழியில்.

தமிழ்வழியில் வரும் மாணவருக்கு அங்கே சொற்களும் மாறுகின்றன. இதில் இழப்பு எந்த அளவு என்பது சொல்லுக்குச் சொல் வேறுபடும். ‘அடுக்கு’ என்ற சொல் கருத்தைத் தானே விளக்குகிறது. அடுக்குப் பானையில் மேலே வைத்ததே முதலில் கைக்கு வரும். ‘வரிசை’ அப்படியன்று. நியாயவிலைக் கடையில் நிற்பதும் வரிசை, எண்களின் ஏற்றமும் வரிசை. ‘வரிசையில் உள்ளவற்றை வரிசையாக்குக’ என்ற வினாவில் இருவேறு கருத்துகள் ஒரே சொல்லில் மோதுகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இச்சொல்லை மறுபரிசீலனை செய்யவேண்டும்.

எல்லாவற்றினும் வளமானது ‘சுட்டு’. தமிழிலக்கணம் பயின்றவருக்கு இது புதுச்சொல்லன்று. ‘அது’, ‘இது’ என்பவை பொருளின் பெயரல்ல. பொருள் இருக்கும் திசையைக் காட்டுபவை. ஒரே மாட்டை அருகில் நிற்பவர் ‘இது’ என்றும் தொலைவில் நிற்பவர் ‘அது’ என்றும் சுட்டலாம். சுட்டுகள் இரண்டு, மாடு ஒன்று. பைத்தானில் ஒரு பட்டியலுக்கு ‘அ’ என்று பெயரிட்டு, பின்னர் ‘ஆ = அ’ என எழுதி, ஆ-வில் ஓர் எண்ணைச் சேர்த்தால் அ-விலும் அது தோன்றும். இதனைக் கண்டு திகைக்காத முதலாண்டு மாணவர் அரிது. படி எடுக்கப்பட்டதாக அவர் எண்ணுகிறார். உண்மையில் இரண்டாவது சுட்டு ஒன்று பிறந்ததே தவிர, பட்டியல் ஒன்றே. ஆய்வகத்தில் சுட்டெழுத்துகளைக் கொண்டு இதனை விளக்கியபோது, ஆங்கிலச் சொல்லால் விளக்கியபோது கிடைக்காத தெளிவு சிலரிடம் கிடைத்தது. இது முறையான சோதனையன்று. ஆசிரியர் எவரும் செய்து பார்க்கக்கூடியது.

முன்னுரையில் குறிப்பிட்ட மாணவரிடம், மறுவாரம், 12, 25, 40 என்ற மூன்று பெட்டிகளைக் கரும்பலகையில் வரைந்து, 30ஐ நுழைக்கச் சொன்னேன். அவர் முதலில் 25இலிருந்து 30க்கு அம்பு போட்டார். பிறகு, 25 எதைச் சுட்டுகிறதோ அதையே 30உம் சுட்டவேண்டும் என்று தாம் எழுதியிருந்த வரியைப் படித்து, 30இலிருந்து 30க்கே ஓர் அம்பை வளைத்து வரைந்தார். சற்றுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமலேயே திரும்பி, “அப்போ நாப்பது எங்க சார் போச்சு?” என்று கேட்டார்.